வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைக்க: கேளுங்கள், சொல்கிறேன்

வங்கியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் வீட்டுக் கடன் மேசையில் கழிந்தது. 20 ஆண்டுக்கு வாங்கிய என் சொந்த வீட்டுக் கடனை 13-ஆம் ஆண்டில் முடித்தேன். பெரிய தொகை எதுவும் கைக்கு வரவில்லை; சில்லறையை நழுவவிடவில்லை, அவ்வளவுதான். நம் நாட்டு வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக் கடன் பற்றி மட்டும் கேளுங்கள். எந்தப் பங்கு ஏறும், எங்கே மனை வாங்கலாம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

மூன்றாம் மாடி: ஐயா, 30 லட்சம், 20 ஆண்டு, 8.5 சதவீதம். தவணை 26,035 ரூபாய். இப்போதுதான் முதல் தவணை கட்டினேன். மாதம் 2,000 ரூபாய்தான் மிச்சம் பிடிக்க முடியும். இதனால் ஏதாவது ஆகுமா, வெறும் மனத்திருப்தியா?

நன்றாகவே ஆகும். நீங்கள் கட்டிய முதல் தவணையைப் பிரித்துப் பாருங்கள். 26,035 ரூபாயில் 21,250 வட்டிக்கே போய்விட்டது. அசலில் கழிந்தது 4,785 மட்டும். கூடுதலாகக் கட்டும் 2,000 ரூபாய்க்கு வட்டியில் பங்கு கிடையாது. முழுவதும் அசலில் போய் விழும். ஆக, அசல் கரையும் வேகம் ஒரே மாதத்தில் 40 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. விடாமல் கட்டிவந்தால், வட்டி விகிதம் இப்படியே இருக்கும்பட்சத்தில், 240 மாதக் கடன் 201 மாதத்தில் தீரும். மூன்றேகால் ஆண்டு முன்னதாக. வட்டியில் மிச்சம் 6 லட்சத்துக்கும் மேல். இத்தனைக்கும் அந்த 2,000 ஒரு நாள் கணக்கில் 66 ரூபாய்தான்.

இன்னொன்று. கூடுதல் பணம் எவ்வளவு என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியம். முதல் மாதம் கூடுதலாகக் கட்டும் 1,000 ரூபாய், 20 ஆண்டு முடிவில் கட்டவேண்டிய தவணைகளில் சுமார் 5,400 ரூபாயை இல்லாமல் செய்துவிடும். அதே 1,000 ரூபாயைக் கடைசி ஐந்து ஆண்டின் தொடக்கத்தில் கட்டினால் சுமார் 1,500 ரூபாய்தான் குறையும். "சம்பளம் உயரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பவர்கள் இழப்பது இந்த வித்தியாசத்தை.

புதுவாசல்: 50,000 ரூபாய் கூடுதலாகக் கட்டப் போனேன். தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று கேட்டார்கள். விழித்தேன்.

காலத்தைக் குறையுங்கள். தவணை குறைந்தால் மாதம் சில நூறு ரூபாய் கையில் மிஞ்சும். அது எங்கே போயிற்று என்று உங்களுக்கே தெரியாது. தவணையே கழுத்தை நெரிக்கிறது என்றால் மட்டும் அதைக் குறைக்கலாம்.

இங்கே என் வழக்கமான எச்சரிக்கை. கட்டிய பணம் அசலில்தான் கழிந்ததா என்று கணக்கு அறிக்கையை வாங்கிப் பாருங்கள். சில இடங்களில் கூடுதல் பணத்தை "முன்பணத் தவணை" என்று ஒதுக்கிவைத்து அடுத்த மாதத் தவணைக்கு எடுத்துக்கொள்வார்கள். நான் வேலை பார்த்த கிளையிலேயே ஒருவருக்கு எட்டு மாதம் அப்படி நடந்தது. அவர் பாஸ்புக்கில் ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் பென்சிலால் சின்னக் கோடு போட்டு வைத்திருந்தார். கோடுகள் கூடிக்கொண்டே போயின, மீதிக் கடன் மட்டும் பழைய வேகத்திலேயே இறங்கியது. அந்தக் கோடுகளைக் காட்டித்தான் சண்டை போட்டார். தவறு எங்களுடையது, திருத்திக் கொடுத்தோம். "அசலுக்கு வரவு வைக்கவும்" என்று எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமை: முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா?

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு வங்கி அப்படி வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டி என்றால் உங்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

ஏலக்காய்: ஐயா, கடன் சீக்கிரம் தீரவேண்டும் என்று என் கணவர் வெளியே டீ குடிப்பதை அடியோடு நிறுத்திவிட்டார். இப்போது நான் பூ வாங்கினால்கூடக் கணக்குக் கேட்கிறார். இப்படியெல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக் கடன் அடையுமா?

டீ நின்றதால் மட்டும் கடன் அடையாது அம்மா. நிறுத்திய டீயின் காசு கடன் கணக்குக்குப் போனால்தான் அடையும். சட்டைப் பையில் இருந்தால் வேறு எதற்காவது செலவாகும். அவர் அந்தப் பணத்தை என்ன செய்கிறார் என்று கேட்டீர்களா?

கணக்குப்புலி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பதினைந்து ரூபாய் டீயை நிறுத்தி முப்பது லட்சத்தை அடைப்பது நடக்கிற காரியமா? வருமானத்தைக் கூட்டுவதுதான் வழி. இதெல்லாம் கஞ்சத்தனத்துக்குச் சொல்லும் சாக்கு.

நடராஜா சர்வீஸ்: நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி நடக்கிறேன், டீயைக் குறைத்தேன், ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டுகிறேன். வருமானம் கூடட்டும் என்று காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

கணக்குப்புலி: இரண்டு நிறுத்தம் நடந்து செருப்புத் தேய்ந்ததையும் கணக்கில் சேர்த்தீர்களா?

சரி, சரி. இதற்குள் டீயைப் பற்றி மட்டும் பதினாறு பேர் எழுதிவிட்டீர்கள். ஒருவர் இஞ்சி டீயா சாதா டீயா என்று கேட்டிருக்கிறார். சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கணக்குப்புலிக்கு: ஆண்டுக்கு ஒரே ஒரு தவணை கூடுதல் என்பதை அலட்சியமாக நினைக்காதீர்கள். மேலே சொன்ன 30 லட்சம் கடனில் அதனால் 20 ஆண்டு 17 ஆண்டுக்கும் குறைவாகிறது. செருப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதும் நடந்தவருக்குத்தான் லாபம்.

ஆனால் நடராஜா சர்வீஸும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தினமும் மனத்தை அடக்கிச் சேர்க்கும் பணம் நெடுநாள் ஓடாது. நான் பார்த்தவரை ஆறு மாதத்தில் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுவார்கள். நிலைத்து நிற்பது வேறு வகைச் சேமிப்பு: தானாக முடிகிற செலவைப் பிடித்துக்கொள்வது. வண்டிக் கடன் முடிகிறதா? அடுத்த மாதமே அதே தொகையை வீட்டுக் கடனுக்குத் திருப்புங்கள். அந்தப் பணம் இல்லாமல் வாழ உங்களுக்கு ஏற்கெனவே பழகிவிட்டது. பிள்ளையின் டியூஷன் நின்றதா, சீட்டுத் தவணை முடிந்ததா, அதுவும் அப்படியே. அகவிலைப்படி ஏறினால் ஏறியதில் பாதி. என் கடனில் ஏழு ஆண்டைக் குறைத்தது பெரும்பாலும் இதுதான். டீயை நான் ஒருநாளும் விட்டதில்லை.

ஏலக்காய் அம்மாவுக்கு: வீட்டில் இருவரும் ஒப்புக்கொண்டு நிறுத்தியதுதான் சேமிப்பு. ஒருவர் நிறுத்தி இன்னொருவரைக் கண்காணித்தால் அது தகராறில் முடியும். உங்கள் பூவுக்குக் கணக்குக் கேட்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

முதல்சம்பளம்: கூடுதல் பணத்தைக் கடனில் கட்டுவதா, எஸ்ஐபியில் (மாதாமாதம் பங்குச் சந்தை நிதியில் பணம் போடும் முறை) போடுவதா?

8.5 சதவீதக் கடனில் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் 8.5 சதவீதம் மிச்சம் பிடிக்கிறது. அந்த மிச்சத்துக்கு வரி இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. வைப்பு நிதியில் 7 சதவீதம் கிடைத்தாலும் 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்குக் கையில் வருவது 5.6. எனவே வைப்பு நிதியோடு ஒப்பிட்டால் கடனை அடைப்பதே மேல். பங்குச் சந்தை நிதி நீண்ட காலத்தில் கூடுதலாகத் தரலாம், தராமலும் போகலாம். பதினைந்து ஆண்டு கை வைக்காமல் இருப்பேன் என்றால் போடுங்கள். அப்படிச் சொன்னவர்களில் பலர் நான்காம் ஆண்டில் அந்தப் பணத்தில் கார் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

எதைச் செய்வதற்கு முன்னும், ஆறு மாதத் தவணையும் வீட்டுச் செலவும் தனியே இருக்கட்டும். கடனில் கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திருப்பி எடுக்க முடியாது. ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடனில் மட்டும் எடுக்கலாம். அதற்குப் பெரும்பாலும் வட்டி சற்றுக் கூடுதல்.

தென்றல்: கிரெடிட் கார்டு பாக்கி 80,000 இருக்கிறது. வீட்டுக் கடனுக்குக் கூடுதலாகக் கட்டலாமா?

கூடாது. அந்த அட்டைக்கு மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போகும். முதலில் அதை முடியுங்கள்.

நிலாமுற்றம்: சீக்கிரம் அடைத்தால் வருமான வரிச் சலுகை போய்விடுமே?

புதிய வரி முறையில் இருந்தால் நீங்களே குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குச் சலுகையே இல்லை. இல்லாதது எப்படிப் போகும்? பழைய முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாம். 30 லட்சம் கடனுக்கு முதல் ஆண்டு வட்டியே 2.5 லட்சம் வரும். வரம்பைத் தாண்டிய அரை லட்சத்துக்கு ஒரு சலுகையும் கிடையாது. உச்ச வரி கட்டுபவர்கூட 30 ரூபாய் வரியை மிச்சம் பிடிக்க 100 ரூபாய் வட்டி கட்டுகிறார். எனக்கு இது வியாபாரமாகத் தெரியவில்லை.

மணல்வீடு: எஸ்ஐபி நல்லதா, கடனை அடைப்பது நல்லதா ஐயா?

முதல்சம்பளத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஒட்டுத்திண்ணை: 2021-இல் 6.75 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு 30 லட்சம் வாங்கினேன். வட்டி ஏறியபோது தவணை மாறவில்லை, மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகு பார்த்தால் கடன் காலம் எக்கச்சக்கமாக நீண்டிருக்கிறது.

நல்ல கேள்வி. இன்னும் நாலு பேர் கேட்டிருக்கவேண்டும். ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது. 2023 பிப்ரவரியில் 6.5 ஆயிற்று. உங்கள் தவணை சுமார் 22,800. உங்கள் வட்டியும் அதே அளவு ஏறி 9.25 ஆகும்போது அசல் குறையாமல் முழு 30 லட்சமாகவே இருந்தால், மாத வட்டியே 23,125. தவணை வட்டிக்கே போதாது. கட்டக் கட்டக் கடன் வளரும். அதற்குள் கொஞ்சம் அசல் கழிந்திருந்தாலும் தவணை பெரும்பாலும் வட்டிக்கே போகும்; அதனால்தான் காலம் நீள்கிறது. காலத்தை நீட்டுவதால் இந்த நிலை வந்துவிடக் கூடாது என்றும், தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று வாடிக்கையாளரைக் கேட்கவேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொன்னது. வங்கிக்குப் போய் மீதிக் காலம் எத்தனை மாதம் என்று எழுத்தில் வாங்குங்கள். முடிந்த அளவு தவணையை உயர்த்துங்கள்.

2025-இல் வட்டி இறங்கியபோது, தவணையைக் குறைக்கச் சொல்லாமல் பழைய தவணையையே கட்டியிருக்கவேண்டும். கையைக் கடிக்காமல் கடனைக் குறைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. அசலில் கழிந்ததா என்று மட்டும் பாருங்கள்.

பட்டாம்பூச்சி: ஐயா, எஸ்ஐபி...

மேலே.

கடைசித்தவணை: அடுத்த மாதம் முடிகிறது. என்னென்ன வாங்கவேண்டும்?

வாழ்த்துகள். கடன் முடிந்த சான்றும் மூலப் பத்திரங்களும். பத்திரத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பக்கமாக எண்ணி வாங்குங்கள். முழுவதும் கட்டிய 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தரவேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும். இது 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ளது. அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால் அதை ரத்து செய்யும் ரசீதையும் பதிவு செய்து, புது வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். இதை மறந்தவர்கள் பத்து ஆண்டு கழித்து வீட்டை விற்கும்போது அலைகிறார்கள்.

டீயை நிறுத்தியவர்: நான்தான் ஐயா அந்தக் கணவர். என் மனைவி இதைப் படிக்கச் சொன்னார். டீ, வடை எல்லாம் சேர்த்து நாளுக்கு 60 ரூபாய் வீதம் ஆறு மாதத்துக்கு மேலாக அலமாரியில் போட்டு வைத்திருக்கிறேன். 11,400 ரூபாய் இருக்கிறது. ஒரு லட்சம் சேர்ந்ததும் கட்டலாம் என்றிருந்தேன்.

அப்படியானால் இதுவரை உங்கள் வட்டியில் ஒரு பைசாகூடக் குறையவில்லை தம்பி. அந்த நாளில் ஆண்டுக்கு ஒருமுறைதான் மீதிக்கு வட்டி போடுவார்கள், எப்போது கட்டினாலும் ஒன்றுதான் என்று இருந்தது. இப்போது பெரும்பாலும் அன்றாட மீதிக்கே வட்டி. குறைந்தது எவ்வளவு கட்டலாம் என்று கிளையில் கேளுங்கள். சில இடங்களில் ஒரு தவணை அளவாவது வேண்டும் என்பார்கள். அப்படிச் சொன்னால் அது சேரும்வரை வங்கியில் போட்டு வையுங்கள், அலமாரியில் வேண்டாம். இல்லையென்றால் நாளைக்கே 11,400 ரூபாயையும் கட்டுங்கள். "அசலுக்கு" என்று எழுதிக் கொடுக்க மறக்காதீர்கள்.