‘அப்ஸ்டெயின்’ என்றால் வாக்களிக்க வராமல் இருப்பதா?

‘அப்ஸ்டெயின்’ என்னும் ஆங்கில வினைச்சொல், வாக்களிக்கும் உரிமையோடு அவையில் இருந்துகொண்டே, ஆதரித்தும் வாக்களிக்காமல் எதிர்த்தும் வாக்களிக்காமல் விலகி நிற்பதைக் குறிக்கும். ஆம்பூரில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர், பிரியாணி வரும்போது இலைக்கு மேல் கையை நீட்டி வேண்டாம் என்பதைப் போன்றது இது. கல்யாணத்துக்கே வராதவரின் நிலை வேறு.

எந்தப் பக்கமும் சாய மனமில்லாமல், அந்த நிலைப்பாடு பதிவாகவும் வேண்டும் என்னும்போது இவ்வழி உதவுகிறது. 2022 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு வந்த உக்ரைன் தீர்மானத்தை 11 நாடுகள் ஆதரித்தன, ரஷ்யா எதிர்த்தது, இந்தியா உட்பட 3 நாடுகள் ‘அப்ஸ்டெயின்’ செய்தன. காட்பாடி வாக்குச்சாவடியிலும், பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகு வாக்களிக்க விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால், தேர்தல் நடத்தை விதிகளில் உள்ள 49-ஓ விதிப்படி அவர் பெயருக்கு எதிரே அதைக் குறித்துக்கொள்வார்கள்.

நோட்டாவும் இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2013-இல் அறிமுகமான அந்தப் பொத்தானை அழுத்தினால் அது எந்திரத்தில் பதிவாகி எண்ணப்படுவதால், அதை ‘அப்ஸ்டெயின்’ என்று சொல்வது சரியல்ல.