பழைய துப்பறியும் கதையைத் தொடராக எடுக்க எங்கே தொடங்குவது?

கேள்வி: தக்கலையில் கல்யாண வீடியோ எடுத்து எடிட்டிங்கும் செய்து வருகிறேன். ஷெர்லாக் ஹோம்ஸ், துப்பறியும் சாம்பு மாதிரி பழைய கதைகளைத் தமிழில் குட்டித் தொடராக எடுத்து, அப்படியே டிவி தயாரிப்பாளராக ஆசை. யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பதில்: முதலில் எழுத்தாளர் காலமான வருடத்தைப் பாருங்கள். நம் சட்டப்படி அந்த வருடம் முடிந்து 60 வருடங்களுக்குப் பதிப்புரிமை உண்டு. ஹோம்ஸை எழுதிய கானன் டாயில் காலமானது 1930, சாம்புவை எழுதிய தேவன் 1957, ஆகவே இவர்கள் வாழ்நாளில் வெளியான கதைகளுக்கு இங்கே யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அகதா கிறிஸ்டி 1976இல்தான் காலமானார், 2036 முடியும் வரை தொடாதீர்கள். சுஜாதாவின் கணேஷ்-வசந்துக்கு 2068 வரை.

பலரும் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். டாயிலின் கதையை எடுக்கலாம், ஆனால் நீங்கள் படித்த தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கும், அதிலிருந்து வசனத்தை உருவினால் வம்புதான். ஆங்கில மூலத்தை வைத்து நீங்களே எழுதுங்கள். சாம்புவுக்கு கோபுலு வரைந்த படங்களும் அப்படித்தான், அவர் 2015இல்தான் காலமானார், போஸ்டரில் அந்த முகத்தைப் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் காட்டுவதாக இருந்தால் அந்தந்த நாட்டுக் கணக்கு வேறு, ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, உரிமை விஷயம் இவ்வளவுதான். அப்புறம் வருவதுதான் தயாரிப்பாளரின் உண்மையான வேலை என்பேன். 1984இல் ஜெரமி பிரெட் நடித்து வந்த ஹோம்ஸ் தொடரின் தயாரிப்பாளர் மைக்கேல் காக்ஸ், ஹோம்ஸும் வாட்சனும் எப்படி இருப்பார்கள், என்ன உடுத்துவார்கள், என்னென்ன பழக்கம் என்று கதைகளில் சிதறிக் கிடக்கும் விவரங்களை எல்லாம் திரட்டித் தன் குழுவுக்காக ஒரு கையேடே உருவாக்கினார். அந்தத் தொடர் பத்து வருடம் ஓடியது. உங்களுக்கு ஒரு நோட்டு போதும். கூடவே ஒவ்வொரு துப்பும் எந்த ஷாட்டில் வருகிறது, துப்பறிபவர் எப்போது பார்க்கிறார், பார்வையாளர் எப்போது பார்க்கிறார் என்றும் எழுதுங்கள். நீளம் குறைக்கிறேன் என்று எடிட்டிங்கில் அந்த ஷாட்டையே வெட்டிவிட்டால் முடிச்சு அவிழும்போது யாருக்கும் ஒன்றும் புரியாது, துப்பறியும் கதையில் அதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது.

கதையைக் குமரிக்கே கொண்டு வருவதானால் லொகேஷனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பத்மநாபபுரம் அரண்மனை உங்கள் ஊர்ப் பக்கத்தில் இருந்தாலும் அனுமதி கேரளத் தொல்லியல் துறையிடம்தான், வட்டக்கோட்டைக்கு மத்தியத் தொல்லியல் துறை, உதயகிரிக் கோட்டைக்கு வனத்துறை. முதல் முயற்சிக்கு இந்த அலைச்சல் வேண்டாம். தெரிந்தவர் வீடு, பழைய ஓட்டு வீடாகக் கிடைத்தால் அங்கேயே நடக்கிற கதையாகத் தேர்ந்தெடுங்கள். நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, வெளியில் எடுக்கும் காட்சிகளைப் பிப்ரவரியில் முடிப்பது நல்லது.

வேலையைப் பொறுத்தவரை, ஒரே ஒரு எபிசோடை 15 நிமிடத்தில் எடுத்து முடியுங்கள், ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு வையுங்கள். ரீடேக்கே இல்லாத கல்யாண வீட்டில் ஆட்களையும் நேரத்தையும் சமாளித்திருக்கிறீர்களே, அதுவே பெரிய தகுதி. எபிசோட், நோட்டு, செலவுக் கணக்கு மூன்றையும் எடுத்துக்கொண்டு சென்னையில் சீரியல் எடுக்கும் நிறுவனங்களில் புரொடக்‌ஷன் உதவியாளர் வேலை கேளுங்கள். முதலில் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதனால் கல்யாண ஆர்டர்களை இப்போதே விட்டுவிடாதீர்கள்.