வந்தவர் ரேங்க் என்ன?

சார், இன்ஸ்பெக்டர் ஒருத்தரே வந்து உங்க பங்க்ல டீசல் சாம்பிள் எடுத்து, ஸ்டாக் ரெஜிஸ்டரையும் தூக்கிட்டுப் போனது செல்லுமான்னு கேட்டிருக்கீங்க. 2005 பெட்ரோல், டீசல் கட்டுப்பாட்டு ஆணைப்படி, போலீஸ்னா டிஎஸ்பி ரேங்க்குக்குக் குறையக் கூடாது. அவருக்கும் அரசு அதிகாரம் கொடுத்திருக்கணும். அக்கம்பக்கத்து ஆளுங்க ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்து போட்ட, எடுத்துட்டுப் போன பொருட்களோட பட்டியல் நகல் உங்க கையில இருக்கணும். வெத்துத்தாள்ல கையெழுத்து கேட்டாங்கன்னா போட்டுத் தொலைக்காதீங்க! 2024 ஜூலை 1 முதல் சோதனையை வீடியோ எடுக்கறதும் கட்டாயம்.

ஆனா, சோதனை தப்புன்னா கேஸே போயிடும்னு நம்பி உட்காராதீங்க. முறைதவறிக் கிடைச்ச சாட்சியத்தையும் கோர்ட் ஏத்துக்கலாம்னு 1973-லயே பூரன்மல் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. கலெக்டர்கிட்டருந்து 6பி நோட்டீஸ் (அத்தியாவசியப் பொருட்கள் சட்டப்படி, பறிமுதல் செய்யறதுக்கு முன்னாடி விளக்கம் கேட்கற நோட்டீஸ்) வந்தா, பதில்ல முதல் பாராவே இந்த ரேங்க் விஷயமா இருக்கட்டும்.