அப்பாவின் பிஸ்கட் டின்னில் பழைய தோட்டாக்கள்: வைத்திருந்தால் குற்றமா?

கேள்வி: என் தந்தை சென்ற மாதம் காலமானார். இளம் வயதில் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தின் கிடங்கில் வேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறிய பிறகு தனியார் கப்பல் பட்டறையில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தோ பாயோ வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டை ஒழுங்குபடுத்தியபோது பீரோ மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே பஞ்சில் பொதிந்து நாற்பது தோட்டாக்கள் வரை இருக்கின்றன. சில வெறும் கூடுகள். பலவற்றில் குண்டு அப்படியே இருக்கிறது. ஒன்றின் அடிப்புறத்தில் 'கே 17' என்றும் ரோமன் எண்ணில் ஏழு என்றும் பொறித்திருக்கிறது. சிலவற்றில் எழுத்தே இல்லை. கூட்டின் கழுத்தில் பச்சை அல்லது இளஞ்சிவப்பு வளையம் மட்டும். இன்னொன்றின் பக்கவாட்டில் சிறிய ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது. எதை யாரிடம் வாங்கினார் என்று அப்பா எழுதிவைத்த குறிப்பேடும் உள்ளது. "எல்லாம் வழக்கொழிந்த சாமான், இவற்றைச் சுடும் துப்பாக்கியே இன்று இல்லை, கேரோசல் இணையச் சந்தையில் போட்டால் நல்ல விலை வரும்" என்கிறார் அண்ணன். என் மனைவி குப்பைக் குழாயில் போடச் சொல்கிறாள். சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன், ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்கிறான். எவை எவை என்று இனங்கண்டு, பிரச்சினை இல்லாதவற்றை மட்டும் நினைவாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: டின்னை மூடி, இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, காவல்துறையை அழையுங்கள். இந்தப் பதிலின் மிச்சத்தை அழைத்த பிறகு படித்தால் போதும்.

உங்களுக்கு எதிரே நிற்கும் சட்டம் சாதாரணமானதல்ல. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. அதோடு குறைந்தது 6 பிரம்படி. துப்பாக்கி கையில் இருக்க வேண்டும் என்பதில்லை, தோட்டா மட்டுமே போதும். 50 வயதைக் கடந்தவர்களுக்கும் பெண்களுக்கும் பிரம்படி கிடையாது என்பது உண்மைதான். ஆனால் சிறைத் தண்டனையின் கீழ்வரம்பு அவர்களுக்கும் அதேதான். உரிமம், சேகரிப்பு, இறக்குமதி ஆகியவற்றை முன்பு ஆயுதங்கள், வெடிபொருள்கள் சட்டம் ஆண்டது. அதன் இடத்துக்கு 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கிகள், வெடிபொருள்கள், ஆயுதங்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்திருக்கிறது. அப்பா எப்போதாவது காவல்துறையிடம் உரிமம் வாங்கியிருந்தாரா என்று அவருடைய காகிதங்களில் தேடிப்பாருங்கள். கிடைத்தால் நல்லது, விசாரிக்க வரும் அதிகாரியிடம் காட்டலாம். ஆனால் அந்த உரிமம் அவர் பெயரில் இருந்தது. வீடும் வங்கிக் கணக்கும் வாரிசுகளுக்கு வந்து சேரும். உரிமம் அப்படி வராது.

'வைத்திருத்தல்' என்பதற்கு நீதிமன்றம் இரண்டு அம்சங்களைப் பார்க்கும். பொருள் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்ததா? இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்ததா? டின்னைத் திறக்கும்வரை இரண்டாவது அம்சம் உங்களிடம் இல்லை. திறந்து, பார்த்து, அண்ணனோடு விலை பேசிய பிறகு அது வந்துவிட்டது. துக்க வீட்டில் சில நாள் தாமதம் ஆனதை எந்த நியாயமான அதிகாரியும் புரிந்துகொள்வார். காரியம் முடிந்து, இது என்னவென்று தெரிந்தே எனக்குக் கடிதம் எழுதிவிட்டு, இன்னும் டின்னை வைத்திருப்பது வேறு கதை. அண்ணனும் இதில் இருக்கிறார். அவருக்கும் தெரியும், வீட்டுச் சாவி அவரிடமும் இருக்கிறது.

அண்ணனின் வாதத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட சேகரிப்பைக் கண்டெடுக்கும் குடும்பங்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இதுதான். வழக்கொழிந்தது என்றால் ஆபத்தற்றது, ஆபத்தற்றது என்றால் சட்டத்துக்கு வெளியே என்று இரண்டு தாவலில் முடிவுக்கு வந்துவிடுகிறார். இரண்டுமே தவறு.

'கே 17', ரோமன் ஏழு என்ற முத்திரையை எடுத்துக்கொள்வோம். உங்கள் விவரிப்பு சரியாக இருந்தால், அது .303 அங்குல பிரிட்டிஷ் தோட்டா. 'கே' என்பது பர்மிங்காமின் கைனாக் நிறுவனம், 17 என்பது 1917, ஏழு என்பது 1910இல் வந்த ஏழாம் மாதிரி. இந்த அளவுத் தோட்டா 1880களின் கடைசியில் கரும்பொடி என்ற பழைய வெடிமருந்தை நிரப்பித்தான் பிறந்தது. 1891இல் கார்டைட்டுக்கு மாறியது. கூட்டுக்குள் சேமியாபோல் நீள நீளமாக நிற்கும் வெடிமருந்து அது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் தொழிற்சாலையில், இதே .303க்குத்தான் உடலுக்குள் விரியும் முனையைச் செய்தார்கள். அதனால் எழுந்த கண்டனத்தில்தான் 1899 ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளைப் போரில் தடை செய்தது. இவ்வளவு வரலாறு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைச் சுடும் துப்பாக்கி இல்லை என்று யார் சொன்னது? உத்தரப் பிரதேசக் காவல்துறை .303 துப்பாக்கிக்கு விடைகொடுத்ததே 2020ஆம் ஆண்டுக் குடியரசு தினத்தில்தான்.

எழுத்தே இல்லாதவை இன்னும் சிக்கலானவை. ஜப்பானிய ராணுவத்தின் துப்பாக்கித் தோட்டாக்களில் பெரும்பாலும் அடிப்புற முத்திரை இருக்காது. உள்ளே என்ன குண்டு என்பதைக் கழுத்தில் உள்ள வண்ண வளையம் சொல்லும். இளஞ்சிவப்பு என்றால் சாதாரணக் குண்டு, பச்சை என்றால் வழியில் எரிந்து ஒளிகாட்டும் குண்டு, கறுப்பு என்றால் கவசம் துளைப்பது. பிரிட்டிஷார் வண்ணத்தை அடிப்புறத்தில் பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை, சுற்றிப் பூசினார்கள். அங்கே பச்சை என்றால் கவசம் துளைப்பது, ஒளிகாட்டுவதற்குச் சிவப்பு. ஒரே பச்சைக்கு இரண்டு ராணுவத்தில் இரண்டு பொருள். போதாக்குறைக்கு, ஜப்பானியக் கடற்படை தன் விமானத் துப்பாக்கிகளுக்கு .303இன் நகலையே 7.7 மில்லிமீட்டர் என்ற பெயரில் செய்துகொண்டது. ராணுவத்தின் 7.7 வேறு அளவு, ஒன்றுக்கொன்று பொருந்தாது. வெடிக்கும் முனை வைத்த 7.7 தோட்டாக்களையும் ஜப்பானியர் செய்தார்கள். இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்து 'இது வெறும் சாதாரணத் தோட்டா' என்று ஒதுக்கிவைப்பவரின் கையில் என்ன இருக்கிறது என்பதை இனி நீங்களே எண்ணிப் பாருங்கள். உங்கள் டின்னில் பச்சை வளையமும் இருக்கிறது என்கிறீர்கள்.

பக்கவாட்டில் ஆணி நீட்டிக்கொண்டிருப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பாரிஸ் துப்பாக்கிக் கலைஞர் கசிமிர் லெஃபோஷோ 1830களில் தொடங்கிவைத்த முறை அது. துப்பாக்கியின் சுத்தியல் அந்த ஆணியைத் தட்டும், ஆணி உள்ளே இருக்கும் சிறு பற்றவைப்பானில் குத்தும், மருந்து எரியும். பிரெஞ்சுக் கடற்படைகூட 1858இல் அந்த வகைச் சுழல்துப்பாக்கியை ஏற்றது. பிறகு நடுவில் பிரைமர் வைத்த தோட்டாக்கள் வந்து அதைத் துரத்திவிட்டன. அதைத் துரத்திய காரணங்களில் ஒன்றுதான் இன்று உங்கள் பிரச்சினை. துப்பாக்கியே இல்லாமல், ஆணி எதன்மேலாவது பட்டாலும் அது வெடிக்கலாம். செம்பவாங் கிடங்கில் இப்படி ஒன்று கிடந்திருக்க வாய்ப்பு குறைவு. அப்பா வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களோடு மாற்றிக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது. குறிப்பேடு அதற்கு விடை சொல்லும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. பிரைமரில் பள்ளம் விழுந்திருந்தால் 'சுட்டாகிவிட்டது, ஆபத்து இல்லை' என்று நினைப்பார்கள். பள்ளமும் இருந்து குண்டும் இடத்தில் இருந்தால் அது சுட்டதல்ல, சுட முயன்று வெடிக்காமல் போனது. மருந்து முழுதும் உள்ளேயே இருக்கிறது. பயிற்சிக்கான போலித் தோட்டாக்களில் கூட்டில் துளை இருக்கும், பிரைமர் இருக்காது என்பது பொதுவான அடையாளம். அதையும் நீங்கள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். துடைப்பது, பச்சைக் களிம்பைத் தேய்ப்பது, குண்டைத் திருகி எடுத்துக் 'காலி' செய்வது எதுவுமே கூடாது.

ஆகவே, இனங்காண்பது அருமையான வேலைதான், ஆனால் உங்கள் வேலை அல்ல. சட்டத்தின் கண்ணிலும் அது உங்களுக்கு உதவாது. நிபுணர் பார்த்து 'இதில் மருந்து இல்லை' என்று எழுதித் தந்தால் அது சான்று. நீங்களே பிரித்துவைத்தால், எது எது என்று தெரிந்தே சிலவற்றை வைத்துக்கொண்டீர்கள் என்பதற்குத்தான் அது சான்றாகும். வெறும் கூடுகளை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சியில் சுடும் பயிற்சி முடிந்து திரும்பும்போது, தோட்டாவும் இல்லை, வெற்றுக் கூடும் இல்லை என்று உரத்த குரலில் உறுதிசொல்லித்தானே பயிற்சித் திடலை விட்டு வந்தீர்கள்? வெற்றுக் கூட்டைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு சாங்கி விமான நிலையத்தில் விசாரணைக்கு உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள். கூடுகளையும் சேர்த்தே ஒப்படையுங்கள். திருப்பித் தரலாம் என்று அதிகாரி எழுத்தில் சொன்னால் வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் மனைவியின் யோசனை பயத்தில் வந்தது, புரிகிறது. ஆனால் குப்பைக் குழாயில் விழுந்தது கீழே வண்டியில் ஏறி, எரியூட்டு ஆலைக்குப் போகிறது. தோட்டா நெருப்பில் வெடிக்கும்; பித்தளைக் கூடு கிழிந்து துண்டுகள் பறக்கும். அதற்கு முன்பே அந்தப் பையைத் தூக்குபவர் ஒரு துப்புரவு ஊழியர், அநேகமாக நம் ஊரிலிருந்து வந்தவர். தவிரவும், சான்றை மறைத்ததாகத் தண்டனைச் சட்டத்தின் கீழ் இன்னொரு குற்றச்சாட்டுக்கு நீங்களே வழி திறந்துவிடுவீர்கள். கடலில் போட்டாலும் இதுவே பதில்.

சித்தப்பா மகனுக்கு ஒரே வரி: முடியாது. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். அங்கே பையின் மூலையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவோடு பிடிபடும் பயணிகளுக்கு, 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய 'அறிந்து வைத்திருத்தல்' என்ற தேவை சில நேரம் கைகொடுக்கிறது. தெரிந்தே நாற்பது தோட்டாவைப் பொதிந்துகொண்டு போகிறவருக்கு அது எப்படிக் கைகொடுக்கும்? அங்கே போய்ச் சேர்வதற்கு முன் சாங்கியின் ஊடுகதிர்ச் சோதனையைத் தாண்ட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். தபாலிலும் வெடிபொருள் அனுப்ப முடியாது. கேரோசல் விளம்பரம் என்பது உங்கள் பெயரோடு நீங்களே வெளியிடும் ஒப்புதல் வாக்குமூலம்.

காவல்துறையை அழைக்கும்போது டின்னைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயிலிலோ டாக்சியிலோ அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குப் போகாதீர்கள். வீட்டிலிருந்தே 999க்கு அழைத்து, காலமான தந்தையின் பொருள்களில் பழைய தோட்டாக்கள் கிடைத்தன, சிலவற்றில் மருந்து இருக்கலாம், ஒன்றில் ஆணி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள். அவர்கள் வருவார்கள். போர்க்காலப் பொருள்கள் இந்தத் தீவில் புதிதல்ல. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா கட்டுமானத் தளத்தில் கிடைத்த 100 கிலோ விமானக் குண்டைச் செயலிழக்கச் செய்ய நாலாயிரத்துக்கும் அதிகமானோரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். உங்கள் டின் அவ்வளவு பெரிய விஷயமல்ல, ஆனால் வருபவர்கள் அதை முறையாகக் கையாளத் தெரிந்தவர்கள்.

வாக்குமூலம் எடுப்பார்கள். டின் கிடைத்த நாளை உள்ளபடி சொல்லுங்கள். 'இன்றுதான் பார்த்தேன்' என்று குறைத்துச் சொல்லும் ஆசை வரும், வேண்டாம். அண்ணனுக்கோ சென்னைக்கோ படம் அனுப்பியிருந்தால், அது உங்கள் கைப்பேசியில் தேதியோடு இருக்கும். தமிழில் பேசுவது வசதி என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, திருத்த வேண்டியதைத் திருத்திய பிறகு கையொப்பமிடுங்கள். உங்கள்மீது குற்றம் சுமத்தக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்க உங்களுக்கு உரிமை உண்டு. முன்கூட்டியே ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு அழைப்பதும் தவறல்ல, அதற்காக ஒரு வாரம் காத்திருக்காத வரை. தாமாக முன்வந்து ஒப்படைத்தவர்மேல் வழக்குத் தொடுக்கமாட்டார்கள் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. அந்த முடிவு தலைமைச் சட்ட அதிகாரியுடையது. ஆனால் முன்வந்து ஒப்படைத்தது, உங்கள் பக்கம் இருக்கும் மிக வலுவான உண்மை. அதை நாள்கடத்தி வீணாக்காதீர்கள்.

குறிப்பேடு தோட்டா அல்ல, அதை வைத்திருக்க உரிமம் வேண்டியதில்லை. விசாரணைக்குக் கேட்டால் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய தோட்டா எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது என்ற விவரம் சேகரிப்பாளர்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் தோட்டாவுக்கு நிகரான பொருள்; பல நேரங்களில் அதைவிட அரிது. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் ஒப்படைக்கும்போதே அதிகாரியிடம் எழுத்தில் தெரிவியுங்கள். செயலிழக்கச் செய்த பிறகு எதைத் தர முடியும் என்பதை அவர்கள் சொல்வார்கள். அண்ணன் விளம்பரத்தை ஏற்கெனவே போட்டுவிட்டார் என்றால், அவரும் தனியாக ஒரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். உங்கள் இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் சரிப்படமாட்டார்.