ஓடாமலே ஆறு ரன்

கேள்வி: 'ரன்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு 645 அர்த்தங்கள் இருப்பதாக வாட்ஸ்அப்பில் படித்தேன். கிரிக்கெட்டில் எடுக்கும் ரன் முதல் கம்பெனி நடத்துவது வரை எல்லாமே 'ரன்'தானாம். ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கும் தமிழோடு ஒப்பிட்டால் ஆங்கிலம் சொற்பஞ்சம் பிடித்த மொழிதானே? எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இத்தனையையும் எப்படி மனப்பாடம் செய்வாள்?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: எண் சரிதான். அதை வைத்து நீங்கள் கொடுத்த தீர்ப்புதான் இடிக்கிறது.

645 என்பது ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்காரர்களின் கணக்கு. 2011இல் செய்தியாக வந்தது. அந்த ஒரு சொல்லின் பதிவைத் திருத்தி எழுத, அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அதற்கு முன்பு முதலிடத்தில் இருந்தது 'செட்'. 1989இல் வெளியான இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள்கள். விளக்கமும் மேற்கோளுமாகச் சுமார் 60,000 சொற்கள். ஒரு நாவல் அளவு.

இதில் வாட்ஸ்அப்காரர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 645ம் 'ரன்' வினைச்சொல்லாக வரும்போது மட்டும். நீங்கள் முதலில் எடுத்துக்காட்டிய கிரிக்கெட் ரன் பெயர்ச்சொல், அதற்குத் தனிக்கணக்கு. உங்கள் பட்டியலின் முதல் உருப்படியே பட்டியலில் இல்லை!

அப்புறம், ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி ஒரு வரலாற்று அகராதி. இன்று புழங்கும் பொருளோடு நிற்காது; என்றைக்கோ வழக்கொழிந்த பொருளையும் ஆண்டு குறித்து, மேற்கோள் காட்டிச் சேர்த்துக்கொள்ளும். கூறு போடுவதும் மெல்லிசாகத்தான். ஆறு ஓடுவது, மூக்கு ஒழுகுவது, துவைத்த துணியில் சாயம் இறங்குவது எல்லாமே ஆங்கிலத்தில் 'ரன்'. இது ஒரு பொருளா, மூன்றா? உங்கள் மகளின் பையில் இருக்கும் சின்ன அகராதி ஒரே வரியில் முடித்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டு முடிக்காது.

காலால் ஓடுவதற்கு இருந்த சொல் தண்ணீருக்கும் பழங்காலத்திலேயே போய்விட்டது. நீராவி எஞ்சினும் ஆலைகளும் வந்தபோதுதான் அதற்கு உண்மையான யோகம் அடித்தது. ரயில் ஓடியது, மெஷின் ஓடியது. ஓடுவதற்கு என்ன சொல்லோ, ஓட்டுவதற்கும் அதுவே. ஆகவே ஆலையை நடத்துவதும் 'ரன்', பத்திரிகையில் செய்தி போடுவதும் 'ரன்', பிறகு கம்ப்யூட்டரில் புரோகிராம் இயக்குவதும் 'ரன்'. கூடவே 'அவுட்', 'இன்டு', 'டவுன்', 'அப்' என்று வால் ஒட்டிக்கொண்டால் தீர்ந்துபோவது, எதிர்பாராமல் சந்திப்பது, மட்டம் தட்டுவது, கடனை ஏற்றிக்கொள்வது என்று பொருள் எங்கெங்கோ போய்விடும்.

எனக்குப் பிடித்தது, கால் தேவைப்படாத ஓட்டங்கள்தான். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறக்கிறது, நடுவர் இரண்டு கையையும் தூக்குகிறார், பேட்ஸ்மேன் நின்ற இடத்தில் மட்டையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். கணக்கில் ஆறு ரன். பதறிய மக்கள் ஒரே நேரத்தில் வங்கியிலிருந்து பணத்தை எடுக்க முண்டியடிப்பதும் 'ரன்'. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் அப்படித்தான் கூட்டம் சேர்ந்தது. அந்த நாடு 1866க்குப் பிறகு பார்த்த முதல் பெரிய 'ரன்' என்று எழுதினார்கள். படத்தைப் பார்த்தால் எல்லோரும் வரிசையில் சமர்த்தாக நின்றுகொண்டிருக்கிறார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முனைந்தவர்களில் பலர் வாசலுக்குக்கூட வரவில்லை. செல்போனும் கம்ப்யூட்டருமாக உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓடினார்கள்.

தேர்தல் இன்னும் வேடிக்கை. அமெரிக்க வேட்பாளர் 'ஓடுகிறார்'. பிரிட்டிஷ் வேட்பாளர் 'நிற்கிறார்'. நம்ம ஊர் வேட்பாளரும் நிற்கத்தான் செய்கிறார். (ஜெயித்த பிறகு அவரைத் தேடி ஓடுவது நாம்.)

சரி, தமிழுக்கு வருவோம். ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் என்கிறீர்கள். படம் நூறு நாள் ஓடியது, கடிகாரம் ஓடுகிறது, சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது, மனதில் என்ன ஓடுகிறதோ தெரியவில்லை, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஏதோ பிழைப்பு ஓடுகிறது. இவற்றில் எதில் யார் ஓடுகிறார்கள்? 'ஓட்டு' என்று வந்தால் பஸ்ஸை ஓட்டலாம், மாட்டை ஓட்டலாம், இருக்கிற சம்பளத்தில் மாதத்தை ஓட்டலாம், நண்பனை மாலை முழுக்க ஓட்டலாம், வியாபாரம் இல்லாத கடையில் ஈ ஓட்டலாம். கூரையில் வேயும் ஓடு, திருவோடு ஆகியவற்றை இதில் சேர்க்கவில்லை. அவை ஒலியில் ஒன்றாக அமைந்துவிட்ட வேறு சொற்கள். அகராதியிலும் தனித்தனியாகத்தான் வரும். வாக்குச்சாவடியில் போடும் ஓட்டோ ஆங்கிலத்திலிருந்து வந்தது.

இதைப் பஞ்சம் என்று தொல்காப்பியர் சொல்லவில்லை. தொல்காப்பியத்தின் உரியியல் என்ற பகுதியில் 'கடி' என்ற ஒரு சொல்லுக்குக் கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, அச்சம் என்று பத்துப் பொருளை அடுக்கிவிட்டு, அது போதாதென்று அடுத்த சூத்திரத்தில் ஐயமும் கரிப்பும் (காரச்சுவை) சேர்த்துக்கொள்கிறார். பின்னால் வந்த நிகண்டுகள் என்னும் செய்யுள் அகராதிகளில், ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்களைச் சொல்லவென்றே தனித்தொகுதி உண்டு.

ஆங்கிலத்திலும் ஓட்டத்துக்குச் சொல் இல்லாமல் இல்லை. ஸ்பிரின்ட், ஜாக், டாஷ், குதிரைக்குக் கேலப் என்று வரிசையாக இருக்கின்றன. ஆனால் நாள் முழுக்க வாயில் புழங்கும் சொல்லில்தான் பொருள் ஏறிக்கொண்டே போகும். 'போட்டோசிந்தசிஸ்' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். பாடப்புத்தகத்துக்கு வெளியே அதை யார் கூப்பிடுகிறார்கள்?

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். மனப்பாடமே வேண்டாம். ஓடுவது எது, பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். 'படம் ஓடுகிறது' என்பதை அவள் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பாள். வால் ஒட்டிய சொற்களை மட்டும் வாலோடு சேர்த்தே படிக்கட்டும். இல்லாவிட்டால் வீட்டில் பால் 'ரன் அவுட்' என்று யாராவது சொல்லும்போது, ஸ்டம்பைத் தட்டியது யார் என்று கேட்பாள்.