குறியீட்டுக் கவிதையும் அரூப ஓவியமும் வெறும் கற்பனைதானா?

"மனதில் தோன்றியதை இஷ்டத்துக்கு எழுதுவதும் கிறுக்குவதும்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த உருவமும் இல்லாமல் நிறமும் கோடுமாக மட்டுமே இருக்கும் அரூப ஓவியக் கண்காட்சி ஏதோ ஒன்றுக்குப் போய், ஒன்றும் பிடிபடாமல் திரும்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த எரிச்சல் நியாயம்தான். ஆனால் 'இஷ்டத்துக்கு' என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எதையும் நேராகச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்தும் குறியீட்டுக் கவிஞர்களுக்கு முன்னோடியான பிரெஞ்சுக் கவிஞர் பொதலேர், 1859இல் கற்பனையை மனித ஆற்றல்களின் ராணி என்று எழுதினார். நிறத்துக்கும் ஒலிக்கும் வாசனைக்கும் மனசில் என்ன பொருள் என்று மனிதனுக்குக் கற்றுக்கொடுத்ததே அதுதான் என்றார். அவருக்குப் பின் வந்த பிரெஞ்சுக் கவிஞர் ரிம்போ உயிரெழுத்துகளைப் பற்றிய கவிதையில் 'ஆ' கறுப்பு, 'ஈ' சிவப்பு, 'ஓ' நீலம் என்று ஒவ்வொன்றுக்கும் நிறம் கொடுத்தது இந்த வழியில் வந்ததுதான்.

நான் பள்ளியில் ஓவிய ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பில் இந்தக் கவிதையைச் சொல்லிவிட்டு, "உங்கள் 'ஈ' என்ன நிறம்? பூ, வீடு என்று எதையும் வரையக் கூடாது" என்றேன். முதலில் ஒரே சிரிப்பு. அப்புறம் ஒரு பெண் எலுமிச்சை மஞ்சள் போஸ்டர் கலரைக் குழைத்து, தாளின் ஓரத்தில் மெல்லிய கீற்றாக இழுத்தாள். "ஏன் இவ்வளவு ஒல்லியா?" என்றேன். "அகலமாப் போட்டா காது வலிக்கும் சார்" என்றாள். மஞ்சள் எக்காளம் போல உரக்க ஒலிக்கும், இளநீலம் புல்லாங்குழல் என்று அரூப ஓவியத்தின் முன்னோடியான ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி 1911இல் வெளியிட்ட நூலில் எழுதியது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒரு பிள்ளை சொன்னதை வைத்துக் கோட்பாடு கட்டுகிறாயே என்று சிலர் வருவீர்கள். எல்லாருக்கும் மஞ்சள் அப்படித்தான் கேட்கும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து பெஞ்சுப் பையனுக்கு 'ஈ' அடர்பச்சை. ஆனால் நிறம் முடிவானதும் கீற்று எங்கே, எவ்வளவு தடிமன் என்று இரண்டு பேருமே அழித்து அழித்துப் பார்த்தார்கள். காண்டின்ஸ்கி 1913 நவம்பரில் 'காம்போசிஷன் 7' என்ற பெரிய ஓவியத்தை நான்கே நாளில் முடித்தார். அதற்கு முன் அவர் போட்ட முன்வரைவுகள் 30க்கும் மேல். கிறுக்கலுக்கு இவ்வளவு ஒத்திகை எதற்கு?

இதையெல்லாம் வாரத்துக்கு ஒரு பீரியடில் சொல்லிக்கொடுக்கிறோம். பரீட்சை நெருங்கினால் அதுவும் கணக்குக்குப் போய்விடும். அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு, அவளுக்கு ஓவிய வகுப்பே கிடையாது. பள்ளி நிர்வாகத்தைக் கேட்டால், "ரிசல்ட் வர்ற வருஷம் சார்" என்கிறார்கள்.