கோபுரமும் குருவியும்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவில் ஒரு மாடிவீட்டின் மேல் கைப்பேசிக் கோபுரம் வந்தது. அதன் பிறகு சிட்டுக்குருவிகளைக் காணவில்லை. கதிர்வீச்சுதான் காரணம் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். படித்த நண்பர்களோ இந்த அலைகளால் எதற்கும் எந்தத் தீங்கும் இல்லை என்கிறார்கள். எது சரி? பிள்ளைகளை நினைத்தும் கவலையாக இருக்கிறது.

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

ரேடியோ அலைகள் பறவைகளைப் பாதிக்கும் என்பதற்கு உறுதியான சான்று உண்டு. ஆனால் அந்தச் சான்று சிட்டுக்குருவியைப் பற்றியதல்ல, கைப்பேசிக் கோபுரத்தைப் பற்றியதும் அல்ல.

வலசைப் பருவத்தில் ஐரோப்பிய ராபின் என்னும் சிறு பறவையைக் கூண்டில் அடைத்தாலும், அது புவியின் காந்தப்புலத்தை உணர்ந்து, தான் போகவேண்டிய திசையை நோக்கியே தாவும். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த மரக்குடில்களில் மட்டும் ராபின்கள் திசை தெரியாமல் தடுமாறின. ஆய்வாளர் ஹென்ரிக் மௌரிட்சனின் குழுவினர், வெளி அலைகளைத் தடுக்க, அக்குடில்களை அலுமினியத் தகடுகளால் மூடி எர்த் இணைப்பும் கொடுத்ததும் அவற்றுக்குத் திசை பிடிபட்டது. இணைப்பைத் துண்டித்ததும் மீண்டும் தடுமாற்றம். ஊருக்கு வெளியே மறைப்பே இல்லாமல் அவை சரியாகத் திசை கண்டன. 2014இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான இந்த ஆய்வின்படி, பறவைகளைக் குழப்பியது 50 கிலோஹெர்ட்சுக்கும் 5 மெகாஹெர்ட்சுக்கும் இடைப்பட்ட அதிர்வெண் கொண்ட மின்காந்த இரைச்சல். மின்கருவிகளிலிருந்து கசியும் அலைகளும் ஏஎம் வானொலி அலைகளும் இந்த எல்லைக்குள் வருபவை. அந்த இரைச்சலின் வலு மனிதர்களுக்கு வகுக்கப்பட்ட பாதுகாப்பு வரம்பைவிட மிக மிகக் குறைவு என்பதுதான் என்னை உலுக்கியது. நாம் வரம்புகளை வகுத்திருப்பது முதன்மையாக மனித உடல் சூடேறுவதைக் கணக்கிட்டு. காந்தப்புலத்தை உணர்ந்து வழியறியும் உயிர் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே எதற்கும் தீங்கில்லை என்ற உங்கள் நண்பர்களின் கூற்றை நான் ஏற்கவில்லை.

அதே துறையில் பிளாக்கேப் என்னும் வலசைப் பறவையைக் கொண்டு பின்னர் நடந்த சோதனைகளில், 75 முதல் 85 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் திசையறிவைக் குலைத்தன. 140 முதல் 150 வரையிலும் 235 முதல் 245 வரையிலும் உள்ள அலைகள் குலைக்கவில்லை என்று 2023இல் தெரியவந்தது. நம் கைப்பேசிச் சேவைகளோ ஏறத்தாழ 700 மெகாஹெர்ட்சுக்கு மேலே இயங்குபவை. மேலும், சிட்டுக்குருவி நம்மோடு ஆண்டு முழுவதும் வாழும் பறவை, வலசை போவதில்லை.

2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, சிட்டுக்குருவிகள் நாடளவில் ஏறக்குறைய நிலையாக இருப்பதாகவும் பெருநகரங்களில் குறைந்து வருவதாகவும் கூறுகிறது. கோபுரங்கள் சிற்றூர்களிலும் நிற்கின்றன. அங்கே குருவிகளும் இருக்கின்றன. தானியம் தின்னும் இப்பறவை தன் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளைத்தான் ஊட்டும். கூடு கட்ட அதற்கு ஓட்டு இடுக்கும் சுவர்ப் பொந்தும் வேண்டும். கான்கிரீட் கூரையும் சிமெண்ட் பூசிய முற்றமும் இரையையும் கூடு கட்டும் இடத்தையும் ஒருசேரப் பறித்துவிடுகின்றன. கோபுரத்தை மட்டுமே பழிக்கும்போது இந்த இழப்பு நம் கண்ணில் படாமல் போவது எனக்குப் பெரும் வருத்தம்.

பிள்ளைகளைப் பற்றி: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் கைப்பேசி அலைகள் உள்ளிட்ட ரேடியோ அலைகளைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. அந்தப் பிரிவின் பொருள் சான்று குறைவாக உள்ளது, ஐயம் நீங்கவில்லை என்பதே. இந்தியாவில் 2012இல் கோபுரங்களுக்கான வரம்பு பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. காதோடு ஒட்டிய கைப்பேசியிலிருந்து தலைக்குள் இறங்கும் ஆற்றல், தெருவிலுள்ள கோபுரத்திலிருந்து வருவதைவிடப் பொதுவாக அதிகம் என்பதால், பிள்ளைகள் நெடுநேரம் பேசும்போது ஒலிபெருக்கியில் பேசப் பழக்குங்கள்.

உங்கள் தெருவில் ஓட்டுவீடுகள் எந்த ஆண்டுகளில் இடிக்கப்பட்டன, செடிகொடிகள் இருந்த இடங்கள் எப்போது தளமாயின என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு, கோபுரம் வந்த ஆண்டோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.